டென்வரில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் உயரத்தைக் கழியுங்கள்

ஹூஸ்டனில் ஆறு வருடம் இருந்துவிட்டு வேலை மாற்றலில் கொலராடோவுக்கு வந்தேன். வந்த இரண்டாவது மாதமே ஒரு ரோட்ஸ்டர் வாங்கினேன். இரண்டு இருக்கை, துணிக் கூரை, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இரண்டு லிட்டர் எஞ்சின். டென்வர் நகரத்துக்குள் சமதளத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, அசந்துபோய்க் கையெழுத்துப் போட்டேன்.

முதல் சனிக்கிழமை ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே கிளம்பினோம். மனைவி பக்கத்தில், பின்னால் இரண்டு பை. ஐசன்ஹவர் சுரங்கப்பாதைக்கு முந்தைய ஏற்றத்தில் ஒரு லாரியைத் தாண்டலாம் என்று இடப்பக்கம் எடுத்தேன். ஐந்தாவது கியரில் கார் அசையவில்லை. நான்கு, மூன்று என்று இறக்கினேன். எஞ்சின் அலறியது, வேகமானி முள் மட்டும் நகரவில்லை. பின்னால் வந்த மினிவேன் பொறுத்துப் பார்த்துவிட்டு வலப்பக்கமாக என்னைத் தாண்டிப் போனது. பின் கண்ணாடி வழியாக ஒரு குழந்தை டாட்டா காட்டியது.

கார் மேல் தப்பில்லை. கணக்குப் போடாமல் வாங்கியது நான். காகித வேலையிலும் அடி வாங்கினேன், அதைக் கீழே சொல்கிறேன். பதினோரு மாதம் வைத்திருந்து, 3,200 டாலர் நட்டத்துக்கு விற்றேன். இரண்டாவது முறை வாங்கியபோது எதை எந்த வரிசையில் பார்த்தேனோ, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

1. நீங்கள் ஓட்டப்போகும் சாலைகளின் உயரத்தை எழுதுங்கள்

காரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளில் இதை எழுதுங்கள். டென்வர் 5,280 அடி. ஐடஹோ ஸ்பிரிங்ஸ் 7,500 அடிக்குச் சற்று மேல். ஐசன்ஹவர் சுரங்கம் 11,158. லவ்லண்ட் பாஸ் (மலைக் கணவாய்) 11,990. ஆஸ்பென் போகும் வழியில் உள்ள இண்டிபெண்டன்ஸ் பாஸ் 12,095. ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவின் டிரெயில் ரிட்ஜ் ரோடு 12,183. பைக்ஸ் பீக் உச்சி 14,115.

இதில் மாதம் இரண்டு முறையாவது போகப்போவது எது என்று உண்மையாகக் குறியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பைக்ஸ் பீக் போவதற்காகக் காரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பனிச்சறுக்குப் பிரியர் என்றாலும், சும்மா மலை பார்க்கப் போகிறவர் என்றாலும் பெரும்பாலானவர்களுக்கு விடை ஐசன்ஹவர் சுரங்கம்தான். ஆகவே 11,000 அடியை உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம், கடை, வீடு தவிர எங்கும் போகமாட்டேன் என்றால் 5,000 அடி போதும். உங்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையில்லை.

2. விளம்பரத்தில் உள்ள குதிரைத்திறனைக் குறைத்து எழுதுங்கள்

கம்பெனி அச்சடிக்கும் குதிரைத்திறன் கடல்மட்டத்துக் காற்றுக்கான கணக்கு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஒவ்வொரு முறை உள்ளிழுக்கும்போதும் சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் குறைகிறது, அதற்கேற்ப பெட்ரோலும் குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் எளிய கணக்கு: ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 சதவீதம் போச்சு. டென்வரில் ஏறக்குறைய 16 சதவீதம், சுரங்கத்தில் 33 சதவீதம், பைக்ஸ் பீக் உச்சியில் 42 சதவீதம்.

போட்டுப் பார்ப்போம். மாஸ்டா எம்எக்ஸ்-5 (2019-க்குப் பிந்தையது) 181 குதிரைத்திறன். டென்வரில் அது 152, சுரங்கத்தில் 120. டொயோட்டா ஜிஆர்86-க்கு அச்சில் 228; டென்வரில் 192, சுரங்கத்தில் 152. ஃபோர்டு மஸ்டாங் ஜிடி (2018 முதல் 2021 வரை வந்தது) 460. டென்வரில் 387, சுரங்கத்தில் 306.

இத்தோடு நிறுத்தினால் பாதிக் கணக்குதான். எடையால் வகுக்க வேண்டும். எம்எக்ஸ்-5 சுமார் 2,350 பவுண்டு, எனவே சுரங்கத்தின் வாசலில் ஒரு குதிரைத்திறன் கிட்டத்தட்ட 20 பவுண்டை இழுக்கிறது. ஜிஆர்86-க்கு 18-க்கு மேல். மஸ்டாங் கனமான வண்டி, இருந்தாலும் 12-க்குப் பக்கம்தான் வருகிறது. இரண்டு பேரும் பையும் ஏறினால் 350 பவுண்டு கூடும். இலகுவான காருக்குத்தான் அது அதிகம் உறைக்கும்.

என் அனுபவத்தில் 11,000 அடியில் 15 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஏற்றத்தில் லாரியைப் பயமில்லாமல் தாண்டலாம். 18-க்கு மேல் போனால் திட்டமிட்டுத் தாண்ட வேண்டும். 20 என்றால் லாரிக்குப் பின்னாலேயே பாட்டுக் கேட்டுக்கொண்டு போகலாம். இது என் அளவுகோல், விதியல்ல. வளைவுகளை ரசிப்பதற்குத்தான் கார் என்பவர்களுக்கு எம்எக்ஸ்-5 இங்கேயும் இனிமையானதுதான்.

ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. வெயிலும் உயரம் மாதிரிதான் வேலை செய்யும். ஜூலையில் டென்வரில் 35 டிகிரி செல்சியஸ் அடிக்கும்போது காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9,000 அடி உயரத்தில் இருப்பது போல் ஆகிவிடும். ஜனவரியில் ஓட்டிப் பார்த்து "நல்லாத்தானே இழுக்குது" என்று வாங்கிய கார் ஜூலையில் வேறு காராக இருக்கும்.

3. எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. மாடல், நிறம், சத்தம் எல்லாவற்றையும் இதற்கு அப்புறம் பாருங்கள்.

டர்போ இல்லாதது: மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். பெரிய எஞ்சின் வாங்கி ஈடுகட்டலாம், வேறு வழியில்லை.

டர்போ: கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). டர்போ அதன்மேல் 15 சேர்த்தால் எஞ்சினுக்குள் போவது கிட்டத்தட்ட 30. டென்வரில் வெளிக்காற்றே 12-தான். அதே 30-ஐக் கொடுக்க டர்போ 18 சேர்க்க வேண்டும், அதாவது இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். நவீன கார்களின் கணினி இதைத் தானாகவே செய்துகொள்கிறது. அதனால்தான் டென்வரில் டர்போ கார் கிட்டத்தட்ட இழப்பே தெரியாமல் ஓடுகிறது. ஆனால் டர்போவுக்கும் ஒரு வரம்பு உண்டு. பைக்ஸ் பீக் உச்சியில் வெளிக்காற்று 9 பிஎஸ்ஐ-க்கும் கீழே; அங்கே 30 வேண்டுமென்றால் மூன்று மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். டர்போ சூடாகும், எஞ்சினைக் காக்கக் கணினி அழுத்தத்தைக் குறைக்கும். அதனால் "டர்போவுக்கு உயரமே கிடையாது" என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். நான் டர்போவுக்கு 1,000 அடிக்கு 1 முதல் 1.5 சதவீதம் கழித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, டர்போ விழித்துக்கொள்ளும் நேரம். மேலே காற்று மெலிவு என்பதால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் அது சுழன்று எழ இன்னும் கொஞ்சம் தாமதமாகும். கீழே 2,000 ஆர்பிஎம்மில் வந்த இழுப்பு மேலே 2,600-ல் வரலாம். சின்ன எஞ்சினும் பெரிய டர்போவும் சேர்ந்த கார்களில் இந்தத் தாமதம் நன்றாகத் தெரியும்.

சூப்பர்சார்ஜர்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டர்போ மாதிரி இதுவும் காற்றை அழுத்துகிறது, ஆகவே உயரம் பாதிக்காது என்று நினைக்கிறார்கள். ஆனால் இது எஞ்சினோடு பெல்ட்டில் கட்டப்பட்டது. கூடுதலாகச் சுழன்று ஈடுகட்ட அதனால் முடியாது. உள்ளே வரும் மெல்லிய காற்றைக் கீழே அழுத்திய அதே விகிதத்தில்தான் அழுத்தும். எனவே டர்போ இல்லாத எஞ்சின் போலவே சதவீதக் கணக்கில் இழக்கும். ஆரம்பத்திலேயே நிறைய இருப்பதால் மிச்சமும் நிறைய இருக்கும், அவ்வளவுதான்.

மின்சார கார்: மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். சுரங்கத்திலும் கடற்கரையிலும் ஒரே இழுப்பு. பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தின் சாதனை 2018 முதல் ஃபோக்ஸ்வாகன் ஐ.டி. ஆர் என்ற மின்சாரக் காரிடம் இருக்கிறது; ரொமான் துமா ஓட்டிய நேரம் 7 நிமிடம் 57.148 வினாடி. நம் கவலை வேறு. குளிரில் ரேஞ்ச் குறையும், ஏற்றத்தில் இன்னும் குறையும். மலைமேல் தங்கி இரவில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்கினால் பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டார் பிரேக்கிங் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து அந்தச் சக்தியைப் பேட்டரிக்கு அனுப்புவது) வேலை செய்யாது, சாதா பிரேக்தான் முழுச் சுமையும் தாங்கும். மேலே 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. மூன்று கார்களுக்கு மேல் பட்டியலில் வைக்காதீர்கள்

நான் இரண்டாவது முறை பார்த்தவை: சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் (2022-க்குப் பிந்தையது, 2.4 லிட்டர் டர்போ, 271 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுப்பு), ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ (2 லிட்டர் டர்போ, 241), மஸ்டாங் ஜிடி. பணம் இன்னும் இருந்தால் ஜிஆர் சுப்ராவின் ஆறு சிலிண்டர் டர்போ (382) பட்டியலில் ஏறியிருக்கும்.

மஸ்டாங்கின் சத்தத்துக்கு ஒரு வாரம் மனம் அலைந்தது. கடைசியில் டபிள்யூஆர்எக்ஸ் வாங்கினேன். சுரங்கத்தில் என் கணக்குப்படி 225-லிருந்து 240 குதிரைத்திறன், ஒன்றுக்கு 15 பவுண்டு சுமை, பனியில் நான்கு சக்கரமும் இழுக்கும். டென்வரில் நிறுத்தும் இடமெல்லாம் அதே கார் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. தனித்துவம் வேண்டும் என்பவர்கள் இதை வாங்காதீர்கள், சந்தையில் உங்கள் காரைக் கண்டுபிடிக்கவே நேரமாகும்.

5. பெட்ரோல் பம்ப்பில் 85 என்ற பொத்தானைத் தொடாதீர்கள்

கொலராடோவில் பம்ப்பில் மூன்று ஆக்டேன் எண்கள் (எஞ்சினின் அழுத்தத்தில் பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) இருக்கும்: 85, 87, 91. மற்ற மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் "சாதா" என்று நினைத்து முதல் பொத்தானை அழுத்துகிறார்கள். இங்கே அது 85.

பழைய கார்ப்புரேட்டர் எஞ்சின்களுக்கு உயரத்தில் உள்ளழுத்தம் குறைவு, அதனால் 85 தாங்கியது. இன்றைய டர்போ எஞ்சின், மேலே பார்த்ததுபோல், உள்ளழுத்தத்தை விடாமல் பிடித்து வைக்கிறது. அதற்கு ஆக்டேன் தேவையும் குறையாது. பெட்ரோல் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் 91 என்று இருக்கும். 93 கேட்கும் கார் என்றால் அது இங்கே அரிது, 91-தான் கிடைக்கும். மாதச் செலவுக் கணக்கில் பிரீமியம் விலையைப் போடுங்கள்.

6. மலையில் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

டீலர்கள் கொடுக்கும் டெஸ்ட் டிரைவ் வழக்கமாகக் கடையைச் சுற்றி நான்கு வலப்பக்கத் திருப்பம். போதாது. "ஐ-70-ல் மாரிசன் வெளிவழி (எக்ஸிட்) 259-ல் ஏறி, ஜெனிசி 254 வரை போய்த் திரும்புகிறேன்" என்று கேளுங்கள். சுமார் 6 சதவீத ஏற்றம், ஐந்து மைல். ஒத்துக்கொள்ளாத டீலரிடம் நான் காரே பார்க்கவில்லை. கேட்ட நான்கு பேரில் மூன்று பேர் சரி என்றார்கள்.

ஏறும்போது செய்ய வேண்டியவை: ஏசியை முழுசாகப் போடுங்கள். முடிந்தால் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போங்கள், ஒற்றை ஆள் எடையில் எல்லாக் காரும் நல்ல கார்தான். வலப்பக்கத் தடத்தில் 45 மைலில் கொஞ்சநேரம் போய், வழி காலியாக இருக்கும்போது கியரை மாற்றாமல் 65-க்குக் கொண்டுவாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்தவர் எண்ணட்டும். நான் மூன்று கார்களையும் ஒரே இடத்தில் இப்படி எண்ணிப் பார்த்தேன். பழைய ரோட்ஸ்டர் நான்காவது கியரில் இருபது எண்ணியும் 65-ஐத் தொடாத இடம் அது.

ஆட்டோமேட்டிக் என்றால் கியர் நிலையில்லாமல் மேலும் கீழும் துள்ளுகிறதா என்று கவனியுங்கள். இறங்கும்போது கையால் கியரை இறக்க விட்டுக்கொடுக்கிறதா என்றும் பாருங்கள். வெப்பமானி முள்ளில் ஒரு கண் இருக்கட்டும்.

7. பழைய கார் என்றால் இந்த நான்கையும் தேடுங்கள்

ஆலங்கட்டி. டென்வர் பக்கம் வசந்தத்திலும் கோடையிலும் விழும் ஆலங்கட்டி பானெட்டைப் புளியங்கொட்டை அளவுக் குழிகளால் நிரப்பிவிடும். வெயிலில் நேராகப் பார்த்தால் தெரியாது. சாயங்காலச் சாய்ந்த ஒளியில், அல்லது குழல்விளக்கின் கீழ், கூரையைப் பக்கவாட்டில் பாருங்கள். குழி இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் இன்சூரன்ஸ் முழு நட்டமாக எழுதித் தள்ளிய கார் என்றால் டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரம்) அது பதிவாகியிருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

உப்புக்கரைசல். குளிர்காலத்தில் சாலையில் மக்னீசியம் குளோரைடு தெளிக்கிறார்கள். காரைத் தூக்கி அடிப்பக்கம், பிரேக் குழாய், போல்ட் எல்லாம் பாருங்கள். வாங்குவதற்கு முந்தைய பரிசோதனைக்குத் தனி மெக்கானிக்கிடம் நான் கொடுத்தது 180 டாலர்.

டைனோ (சக்கரத்தில் வரும் சக்தியை அளக்கும் இயந்திரம்) சீட்டு. "வீல்லயே 300 குதிரைத்திறன்" என்று சிலர் அச்சடித்த தாளைக் காட்டுவார்கள். சீட்டின் மூலையில் எஸ்ஏஇ என்று இருந்தால், அது டென்வரில் அளந்ததைக் கடல்மட்டத்துக்கு உயர்த்திக் கணக்கிட்ட எண். டர்போ காருக்கு இந்தத் திருத்தம் இன்னும் மோசம்: டர்போ ஏற்கனவே இழப்பை ஈடுகட்டிவிட்டது, அதன்மேல் கணினி இன்னொரு முறை கூட்டுகிறது. "திருத்தாத எண் என்ன?" என்று மட்டும் கேளுங்கள்.

ட்யூனிங். எஞ்சின் கணினியை மாற்றிய கார், வினையூக்கி மாற்றியை (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) கழற்றிய கார் இரண்டும் அடுத்த படியில் உங்களை மாட்டிவிடும்.

8. காகிதங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கொலராடோவில் ஓட்டுநர் உரிமம் வாங்கும் அலுவலகம் வேறு, காரைப் பதியும் அலுவலகம் வேறு. உரிமத்துக்கு மாநில அலுவலகம். டைட்டிலுக்கும் நம்பர் பலகைக்கும் உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மோட்டார் வாகன அலுவலகம். நான் முதல் நாள் தப்பான வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

டீலரிடம் வாங்கினால் தற்காலிக பலகை, டைட்டில் அனுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. தனியாரிடம் வாங்கினால் எல்லாம் உங்கள் தலையில். விற்பவர் கையெழுத்திட்ட டைட்டில், மைல் எண்ணிக்கை எழுதியது, வேண்டும். அதில் அடித்தல் திருத்தல் இருந்தால் கவுண்டியில் திருப்பி அனுப்புவார்கள். டைட்டிலில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கடன் பாக்கி உள்ள கார் என்றால் டைட்டில் வங்கியிடம் இருக்கும். பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல் வங்கிக் கிளையில் வைத்து முடியுங்கள். விற்பனைச் சீட்டு, உங்கள் அடையாள அட்டை, இன்சூரன்ஸ் அத்தாட்சி, எமிஷன் (புகைப் பரிசோதனை) சான்று. வேறு மாநில டைட்டில் என்றால் காரின் விஐஎன் எண்ணை (காரில் பொறித்த அடையாள எண்) நேரில் சரிபார்த்த படிவமும் வேண்டும்.

எமிஷன் சான்றில்தான் நான் விழுந்தேன். டென்வர், போல்டர், ஜெஃபர்சன், டக்ளஸ் போன்ற கவுண்டிகள் பரிசோதனைப் பகுதிக்குள் வருகின்றன. கொலராடோ ஸ்பிரிங்ஸ் வராது. புதிய கார்களுக்கு முதல் ஏழு மாடல் ஆண்டுகள் விலக்கு. அதற்கு மேற்பட்ட காரை இந்தப் பகுதியில் விற்றால் தேறிய சான்றைக் கொடுக்க வேண்டியது விற்பவர். எனக்கு விற்றவர் "எல்லாம் பாஸ் ஆகும், இருபத்தஞ்சு டாலர்தான், நீங்களே எடுத்துக்குங்க, விலையில கழிச்சுக்கிறேன்" என்றார். நானும் தாராளமாகத் தலையாட்டினேன். பரிசோதனை நிலையத்தில் கணினியின் உள்சோதனைகள் முடியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எச்சரிக்கை விளக்கை அணைக்க யாரோ பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். நான்கு நாள் ஓட்டியதும் விளக்கு எரிந்தது. சென்சாரும் வினையூக்கி மாற்றியும் சேர்ந்து 1,180 டாலர். ஆகவே சான்று கைக்கு வரும்வரை பணம் கொடுக்காதீர்கள். இருபத்தஞ்சு டாலர் சலுகை கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

தனியாரிடம் வாங்கும் நாள் வாரநாளாக இருக்கட்டும். கொலராடோவில் பலகை காரோடு வராது, விற்பவர் கழற்றிக்கொள்வார். அலுவலகம் திறந்திருந்தால் தற்காலிக அனுமதியை அன்றே வாங்கலாம்.

கெடு: வாங்கிய 60 நாளுக்குள் டைட்டிலை மாற்றிப் பதிய வேண்டும். தாமதித்தால் மாதம் 25 டாலர், அதிகபட்சம் 100. வேறு மாநிலத்திலிருந்து காரோடு குடிவருகிறவர்களுக்கு 90 நாள்.

9. விலைக்கு மேல் எவ்வளவு

விற்பனை வரி நீங்கள் வசிக்கும் முகவரியைப் பொறுத்தது. மாநிலம் 2.9 சதவீதம், நகரம், கவுண்டி எல்லாம் சேர்ந்து டென்வர் பக்கம் 8, 9 சதவீதம் ஆகிவிடும். தனியாரிடம் வாங்கினாலும் உண்டு, கவுண்டி அலுவலகத்தில் கட்ட வேண்டும். 20,000 டாலர் காருக்கு 1,700 டாலரை ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது பலருக்கு அதிர்ச்சி தருவது: வருடாந்தர உடைமை வரி. காரின் ஆரம்ப ஸ்டிக்கர் விலையில் (புதிதாக வந்தபோது கம்பெனி போட்ட விலை) 85 சதவீதத்தை எடுத்து, முதல் வருடம் 2.1 சதவீதம், இரண்டாம் வருடம் 1.5, மூன்றாவது 1.2, நான்காவது 0.9, ஐந்திலிருந்து ஒன்பது வரை 0.45. பத்தாவது வருடத்திலிருந்து வெறும் 3 டாலர். 30,000 டாலர் புதுக் காருக்கு முதல் வருடம் 535 டாலர் சொச்சம். நீங்கள் கொடுத்த விலை இங்கே கணக்கில்லை. 70,000 டாலர் ஸ்டிக்கரில் வந்த ஏழு வருடப் பழைய ஜெர்மன் காரை 25,000-க்குப் பிடித்தாலும் வரி 70,000-க்குத்தான், 267 டாலர். பதிவுக் கட்டணங்கள் தனி.

டீலர் சீட்டில் கையாளுகைக் கட்டணம் என்றும் ஒன்று இருக்கும். நான் பார்த்த சீட்டுகளில் 500 முதல் 900 டாலர் வரை. அதைக் குறைக்கமாட்டார்கள், காரின் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் விலையை வாங்குவதற்கு முன்னால் விஐஎன் கொடுத்துக் கேளுங்கள். செடானுக்கு மாதம் 118 கட்டிய எனக்கு டபிள்யூஆர்எக்ஸுக்கு 214 வந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இங்கே ஓட்டிய வரலாறு இல்லாததால் இன்னும் ஏறும். கட்டாயம் என்பது 25,000/50,000/15,000 டாலர் அளவு (ஒருவரின் காயத்துக்கு, ஒரு விபத்தின் மொத்தக் காயங்களுக்கு, பொருள் சேதத்துக்கு) மூன்றாம் நபர் காப்புதான். ஆனால் ஆலங்கட்டிக்கு விரிவான காப்பு இல்லாமல் இங்கே கார் வைத்திருப்பது சூதாட்டம். முன்கண்ணாடிக்கும் சேர்த்து எடுங்கள், மலைச் சாலைச் சரளை வருடத்துக்கு ஒரு விரிசலாவது போடும்.

10. டயர்

ஸ்போர்ட்ஸ் காரோடு பெரும்பாலும் கோடை டயர் வரும். 7 டிகிரிக்குக் கீழே அது கட்டை மாதிரி இறுகிவிடும். சட்டமும் இருக்கிறது: ஐ-70-ல் டாட்சீரோவுக்கும் மாரிசனுக்கும் இடையே செப்டம்பர் 1 முதல் மே 31 வரை, பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், டயர் விதி அமலில் இருக்கும். இரண்டு சக்கர இழுப்புக் காரென்றால் குளிர்கால டயரோ எம்+எஸ் (சேறு, பனி) குறியிட்ட டயரோ 3/16 அங்குல ஆழத்தோடு வேண்டும். இல்லையென்றால் சங்கிலி கையில் இருக்க வேண்டும். நான்கு சக்கர இழுப்புக்கும் 3/16 அங்குலம் உண்டு. வண்டி மாட்டிச் சாலையை அடைத்தால் அபராதம் 650 டாலருக்கு மேல்.

சங்கிலி வாங்கி டிக்கியில் போட்டுவிடலாம் என்று நினைப்பீர்கள். கையேட்டைப் பாருங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே சங்கிலிக்கு இடமில்லை, போடக்கூடாது என்றே எழுதியிருக்கும். அவற்றுக்குத் துணியாலான டயர் உறை இருக்கிறது. எனக்கு இரண்டாவது செட் சக்கரமும் குளிர்கால டயரும் 1,400 டாலர் ஆனது. அடுக்கி வைக்க இடம் இல்லாத அபார்ட்மெண்ட் என்றால் டயர் கடைகள் வருடக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்கின்றன.

11. எப்போது வாங்குவது

கூரை திறக்கும் காரும் பின்சக்கர இழுப்புக் காரும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலிவு. நான்கு சக்கர இழுப்பு நேரெதிர், முதல் பனி விழுந்ததும் விலை ஏறும். அதை மே, ஜூனில் பாருங்கள். மலைப் பாதைகளும் கோடைக்குத்தான் திறக்கும். இண்டிபெண்டன்ஸ் பாஸும் டிரெயில் ரிட்ஜ் ரோடும் பொதுவாக மே கடைசி வாரத்தில் திறந்து இலையுதிர் காலத்தில் மூடுவார்கள். விலையைவிட இந்தப் பாதைகள்தான் முக்கியம் என்றால், ஏப்ரலில் வாங்கினால் எமிஷன், டைட்டில், பலகை எல்லாம் முடிய மே ஆகிவிடும், சரியாக இருக்கும்.

12. முதல் மலைப் பயணத்தில்

ஏறுவதைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினேன். இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள், இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் எஞ்சினை விட்டுப் பிடியுங்கள். வெற்றிட உதவியுள்ள பிரேக் கொண்ட பழைய கார்களில், உச்சியில் காற்றழுத்தம் குறைவதால் பெடல் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும். காலுக்கு இன்னும் வேலை, பிரேக் கெட்டுவிடவில்லை. புதிதாக வாங்கிய பழைய காரென்றால் பிரேக் ஆயிலை முதலில் மாற்றிவிடுங்கள், 120 டாலருக்குள் முடியும்.

பைக்ஸ் பீக்கிலிருந்து இறங்கும் வழியில் கிளென் கோவ் என்ற இடத்தில் ஊழியர் கையில் ஒரு வெப்பமானித் துப்பாக்கியோடு நிற்பார். முன்சக்கரத்தை நோக்கிக் காட்டி அளப்பார். சூடாக இருந்தால் ஓரமாக நிறுத்தச் சொல்வார். நான் அந்த ரோட்ஸ்டரோடு முப்பது நிமிடம் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.